கறுப்பு உடம்பு, ஆரஞ்சு ஓரம்: படத்தைப் பார்த்தே தட்டைப்புழுவுக்குப் பெயர் சொல்லலாமா?

வாசகர் கேள்வி | 3 பிப்ரவரி 2024

தூத்துக்குடிப் பக்கம் கடல் வற்றியிருந்தபோது ஒரு கல்லைப் புரட்டினேன். அடியில் இது இருந்தது, படம் போட்டிருக்கிறேன். நீளம் சுமார் 4 செ.மீ. உடம்பு முழுக்கக் கறுப்பு, ஓரத்தில் ஆரஞ்சுப் பட்டை, அதற்கும் வெளியே மெல்லிய வெள்ளை. இணையத்தில் தேடினால் ஓரிடத்தில் சூடோபைசெரோஸ் ஹான்காக்கானஸ் என்கிறார்கள், இன்னோர் இடத்தில் சூடோபைசெரோஸ் குளோரியோசஸ் என்கிறார்கள். நிறம் பொருந்திவிட்டால் பெயர் உறுதிதானே? கல்லூரி ஆல்பத்தில் என்ன எழுதட்டும்?

4 பிப்ரவரி, காலை

உறுதி இல்லை. குளோரியோசஸ் இல்லை என்று மட்டும் சொல்லலாம். அதற்கு ஓரத்தில் மூன்று பட்டைகள்: உள்ளே ஆரஞ்சு, நடுவில் இளஞ்சிவப்பு, கடைசியில் அடர்ந்த கருஞ்சிவப்பு. உங்கள் படத்தில் வெள்ளை விளிம்பு தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் "இது இல்லை" என்பதும் "இதுதான்" என்பதும் வேறு வேறு. ஆல்பத்தில் இப்போதைக்குப் "பாலிக்ளாட் தட்டைப்புழு, சூடோசெரோட்டிடே குடும்பம்" என்று மட்டும் எழுதுங்கள். பாலிக்ளாட் என்பது குடல் பல கிளைகளாகப் பிரிந்த கடல் தட்டைப்புழு வகை. அடியில் நாள், நேரம், ஆழம், கல்லின் வகை.

4 பிப்ரவரி, இரவு

காலையில் அவசரமாக எழுதியது, இப்போது கொஞ்சம் விரிவாக.

ஒரு கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் திசு வெட்டுகிற வேலை பார்த்தவன் நான். திசுவை மெல்லிசாகச் சீவும் கருவியான மைக்ரோடோமின் கைப்பிடியைப் பதினோரு வருடம் சுற்றியிருக்கிறேன். தட்டைப்புழுவின் பெயர் அதன் முதுகில் இல்லை, வயிற்றுப் பக்கத்தில் இருக்கிறது என்பதை அந்த மேசையில்தான் கற்றேன்.

இந்தக் குடும்பத்தில் சூடோசெரோஸ், சூடோபைசெரோஸ் என்று இரண்டு பெரிய பேரினங்கள். முதலாவது விலங்கியலாளர் லாங் 1884இல் வைத்தது. இரண்டாவது அதிலிருந்து ஃபௌபெல் என்ற இன்னொரு விலங்கியலாளர் 1984இல் பிரித்தது, சரியாக நூறு வருடம் கழித்து. பிரித்த காரணம் நிறம் இல்லை. ஆண் உறுப்புத் துளை ஒன்று என்றால் சூடோசெரோஸ், இரண்டு என்றால் சூடோபைசெரோஸ். இந்தப் புழுக்கள் எல்லாமே இருபாலுயிரிகள், ஆண் துளையும் பெண் துளையும் ஒரே உடம்பில்தான். மேலிருந்து எடுத்த படத்தில் இது எதுவும் தெரியாது.

ஆக ஹான்காக்கானஸா குளோரியோசஸா என்ற கேள்விக்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது: இது சூடோபைசெரோஸ்தானா?

5 பிப்ரவரி

"அப்படியென்றால் நிறத்தை விட்டுவிட வேண்டியதுதானா" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தால் நிறத்தை நான் ஒரேயடியாக ஒதுக்கியதுபோலத் தெரிகிறது. அது தவறான பாடம்.

நிறத்துக்கு மதிப்பு வாங்கிக்கொடுத்தவர்கள் லெஸ்லி நியூமன், லெஸ்டர் கேனன் என்ற இரண்டு தட்டைப்புழு ஆய்வாளர்கள். 1990களில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபிலும் பப்புவா நியூ கினியிலும் ஏராளமான புது இனங்களுக்குப் பெயர் வைத்தார்கள். அவர்கள் வாதம்: இந்தக் குடும்பத்தில் உள்ளுறுப்புகள் இனத்துக்கு இனம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. பேரினத்தைத் துளை சொல்லும். அதற்குக் கீழே சிற்றினம் வரை போக நிறமும் கோலமும்தான் துணை. உயிருள்ள நிறத்தைப் பதிவுசெய்யாமல் புழுவைப் பாட்டிலில் போட்டுவிட்டால் பிறகு யாராலும் சொல்ல முடியாது.

அது உண்மை. ஆல்கஹாலில் கிடந்த புழுவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பழுப்பாக, சுருண்டு, ஊறிப்போன காய்ந்த மிளகாய்த் தோல்போல இருக்கும்.

5 பிப்ரவரி, சற்று கழித்து

கொல்லாமல் துளையைப் பார்க்க வழி உண்டா என்றால், உண்டு. மேலே சொல்லாமல் விட்டுவிட்டேன்.

கண்ணாடிக் கிண்ணத்தில் கடல்நீர் ஊற்றிப் புழுவை விடுங்கள். அது அடியில் ஒட்டிக்கொண்டு ஊரும். கிண்ணத்தைத் தலைக்கு மேலே தூக்கி, கீழிருந்து பாருங்கள், அல்லது கீழிருந்து படம் எடுங்கள். பக்கவாட்டிலிருந்து டார்ச். முன்பகுதியில் மடிப்பு மடிப்பாகத் தெரிவது தொண்டைக்குழல், அதன் அருகில் வாய். அதைத் தாண்டிப் பின்னால் நடுக்கோட்டில் சின்ன வெளுத்த புள்ளிகள் தெரியும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருந்தால் ஆண் துளைகள். அதற்குப் பின்னால் தனியாக ஒன்று, அது பெண் துளை. அதற்கும் பின்னால் உறிஞ்சி. கண்ணாடியில் அது ஒட்டியிருக்கும் இடம் வட்டமாகத் தெரியும்.

கையால் எடுக்காதீர்கள். ஈரமான ஓவியத் தூரிகை போதும். பிடித்து இழுத்தால் கிழியும், பயமுறுத்தினால் தானாகவே சிதைந்து குழம்பாகிவிடும். என் கண் முன்னால் ஒரு முழுப் புழு சில நிமிடங்களில் கூழானது உண்டு.

இன்னொன்று: மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. படம் எடுத்துவிட்டுக் கல்லை முன்பு இருந்த மாதிரியே திருப்பி வையுங்கள். கல்லின் அடிப்பக்கம் ஒட்டியிருப்பவை வெயில் பட்டால் செத்துப்போகும்.

8 பிப்ரவரி

துளை எண்ணுவதில் நான் செய்த ஒரு தவறு. இங்கே யாராவது திசு வெட்டுகிறவர் இருந்தால் அவருக்கு உதவும்.

ஒரு கறுப்புப் புழு. உறுப்புகள் இருக்கும் நடுத்துண்டை மட்டும் வெட்டி எடுத்து, பாரஃபின் மெழுகில் பதித்து, நீளவாக்கில் 7 மைக்ரானில் சீவிக்கொண்டே போனேன். பாரஃபின் நாடா நாடாவாக வரும், அதை வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடிச் சில்லில் (ஸ்லைடில்) ஏற்ற வேண்டும். இடப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். எழுபதாவது சீவலுக்கு அருகில் ஆண் உறுப்பு வந்தது: விந்துப் பை, சுரப்புப் பை, கூரான ஊசிமுனை, எல்லாம் ஊதாவும் இளஞ்சிவப்புமாக அழகாகச் சாயம் ஏறியிருந்தன. அது முடிந்து பெண் குழாயும் வந்தது. வேலை முடிந்தது என்று நிறுத்தினேன். மிச்ச மெழுகுக் கட்டியைக் குப்பையில் போட்டேன். பதிவேட்டில் "ஆண் துளை 1, சூடோசெரோஸ்" என்று எழுதினேன்.

இரண்டு துளைகளும் பக்கம் பக்கமாக இருப்பவை. நீளவாக்கில் இடமிருந்து சீவினால் முதலில் ஜோடியில் இடது ஆண் உறுப்பு வரும், நடுக்கோட்டில் பெண் உறுப்பு வரும், அதைத் தாண்டினால்தான் வலது வரும். நான் நடுக்கோட்டிலேயே நின்றுவிட்டேன். இது எனக்கு உறைத்தது ஒன்றரை வருடம் கழித்து, அதே மாதிரிப் புழு ஒன்றை முழுவதுமாகச் சீவியபோது. முதல் புழு போனது போனதுதான். பதிவேட்டில் அந்த வரியை அடித்துக் காரணம் எழுதி வைத்தேன். ஆனால் அதற்குள் அந்தப் பெயர் ஒரு மாணவர் திட்ட அறிக்கைக்குள் போயிருந்தது, அங்கிருந்து ஒரு பட்டியலுக்குள். அந்தப் பட்டியலை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு முறை எழுதினேன். இன்னும் மாறவில்லை.

அதனால்தான் "ஆல்பத்தில் என்ன எழுதட்டும்" என்ற உங்கள் கேள்வியைப் படித்ததும் உடனே உட்கார்ந்து எழுதினேன்.

9 பிப்ரவரி

ஃபார்மலினில் போட்டால் சுருளாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நேரடியாகப் போட்டால் சுருளும். நியூமனும் கேனனும் சொல்லிக்கொடுத்த வழி இது: கடல்நீரில் கலந்த 10 சதவீத ஃபார்மலினைத் தட்டில் ஊற்றி உறையவைக்க வேண்டும். புழுவைத் தூரிகையால் வடிகட்டுத் தாளில் ஏற்றி, அது ஓரங்களை விரித்து ஊர்ந்துகொண்டிருக்கும் நொடியில் தாளோடு அந்த உறைந்த பாளத்தின் மேல் வைத்துவிட வேண்டும். விரிந்த நிலையிலேயே உறைந்துபோகும். நிறமும் ஓரளவு நிற்கும். அதற்கு முன்பே ஓரத்திலிருந்து ஒரு துணுக்கு வெட்டி டி.என்.ஏ. பார்க்க எத்தனாலில் போட்டுவிடுங்கள், ஃபார்மலின் பட்ட சதையில் டி.என்.ஏ. எடுப்பது பெரும்பாடு.

வீட்டில் சோறு வைக்கிற ஃப்ரிட்ஜில் இதைச் செய்யவே கூடாது. ஆய்வகத்தில், புகைபோக்கி இருக்கும் இடத்தில் மட்டும்.

14 பிப்ரவரி

ஹான்காக்கானஸ் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு: அந்தப் பெயரை முழுதாக எழுதினால் சூடோபைசெரோஸ் ஹான்காக்கானஸ் (காலிங்வுட், 1876) என்று வரும். காலிங்வுட் திருகோணமலையில் பொறுக்கிய புழுக்களைப் பற்றி எழுதிய கட்டுரை அது.

அந்த அடைப்புக்குறி அலங்காரம் இல்லை. முதலில் வைத்த பேரினம் வேறு, பிறகு இடம் மாறியது என்று அர்த்தம். அடைப்புக்குறி இல்லாமல் "நியூமன் & கேனன், 1994" என்று இருந்தால் வைத்த பேரினத்திலேயே இன்றும் இருக்கிறது. சிங்கப்பூர்ப் பக்கத்துப் புழு ஒன்றுக்கு லெய்ட்லா என்ற விலங்கியலாளர் 1903இல் பெயர் வைத்தார், அது இன்று சூடோபைசெரோஸ் பெட்ஃபோர்டி (லெய்ட்லா, 1903). ஃபௌபெல் பேரினத்தைப் பிரித்ததும் பழைய பெயர்களில் பலவற்றுக்கு அடைப்புக்குறி ஏறியது இப்படித்தான்.

15 பிப்ரவரி

நேற்று எழுதியதில் பிழை. திருகோணமலையில் பொறுக்கியவர் காலிங்வுட் இல்லை, கெலார்ட். அழிக்காமல் விட்டிருக்கிறேன், திருத்தம் கண்ணில் படட்டும்.

எட்வர்ட் ஃபிரெடெரிக் கெலார்ட் இலங்கையில் பிறந்த மருத்துவர், இயற்கை ஆய்வாளர். முத்துச் சிப்பி ஆராய்ச்சிக்காக அரசுக்கு வேலை பார்த்தவர். திருகோணமலையில் கடல் நத்தைகளோடு இந்தத் தட்டைப்புழுக்களையும் சேர்த்துப் பார்த்துப் பதிவுசெய்தார். 1860இல் இறந்துபோனார். பதினாறு வருடம் கழித்து, 1876இல், கத்பர்ட் காலிங்வுட் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் 31 இனங்களைப் பற்றி எழுதினார். ஒரு பங்கு மறைந்த கெலார்ட் திருகோணமலையில் சேர்த்தவை, மறு பங்கு காலிங்வுட் கிழக்குக் கடல்களில் சேர்த்தவை. கட்டுரைத் தலைப்பிலேயே அது இருக்கிறது. அப்படியிருந்தும் நான் கெலார்ட்டை விட்டுவிட்டேன். இந்தக் கடலோரத்துக்காரன் செய்யக் கூடாத பிழை.

யோசித்துப் பாருங்கள். திருகோணமலையில் 1850களில் ஒருவர் கல்லைப் புரட்டுகிறார், மை உலர்வதற்குள் புழு நிறம் மாறிவிடும் என்று வேகமாக வரைகிறார். தம்பி, நீங்கள் செல்போனில் செய்ததைத்தான் அவர் தூரிகையில் செய்தார். உங்கள் படத்தில் இருக்கிற குறைதான் அந்தக் காலத்துப் பல பெயர்களிலும் இருக்கிறது. வெளித்தோற்றம் இருக்கிறது, உள்ளே வெட்டிப் பார்த்த விவரம் இல்லை. ஃபௌபெல் தன் முறையைக் கட்டியபோது இப்படி உள்ளுறுப்பு விவரம் இல்லாத பெயர்கள் பலவற்றைச் சந்தேக இனங்கள் என்று தனியாக ஒதுக்கிவைத்தார். பெயர் செல்லாது என்று அர்த்தமில்லை. எந்த உடம்புக்குச் சொந்தம் என்பது தெரியாமல் நிற்கிறது.

15 பிப்ரவரி, இரவு

மன்னார் வளைகுடாவுக்கே ஒரு பழைய அறிக்கை உண்டு. விலங்கியலாளர் ஹெர்ட்மன் 1902இல் இலங்கை முத்துப்பார்களை (முத்துச் சிப்பி விளையும் கடல் படுகைகளை) ஆராய வந்தபோது சேர்த்த பாலிக்ளாட்களை அதே லெய்ட்லாவிடம் கொடுத்தார். 1904இல் முத்துச் சிப்பி அறிக்கைத் தொகுதியில் வந்தது. முத்துக்காக எடுத்த பயணத்தில் புழுக்களுக்கும் இடம் கிடைத்தது நம் அதிர்ஷ்டம். நம் பக்கத்துப் புழுவை அடையாளம் காண்கிறவர் ஆஸ்திரேலியப் படங்களுக்கு முன்னால் இதைத்தான் புரட்ட வேண்டும். பிறகு லட்சத்தீவிலிருந்து 2011இலும் அந்தமான் நிகோபாரிலிருந்து 2013இலும் வந்த பதிவுகள்.

19 பிப்ரவரி

தமிழ்ப் பெயர் வைக்கலாமே என்று அக்கா ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். நல்ல யோசனை. ஒரு எச்சரிக்கை மட்டும்: "அட்டை" வேண்டாம். கடல் அட்டை என்றால் இங்கே பாம்பன் முதல் யாழ்ப்பாணம் வரை யாருக்கும் ஒரே பொருள்தான், அந்த உருண்டையான, முள்தோலி இனத்து விலங்கு. சிப்பியைத் தின்னும் ஸ்டைலோகஸ் தட்டைப்புழுவை ஆங்கிலத்தில் சிப்பி அட்டை என்ற பொருளில் சொல்கிறார்கள். அதை அப்படியே பெயர்த்தால் மீனவர்கள் வேறொன்றை நினைப்பார்கள். அது அட்டையும் இல்லை.

அவர் சொன்னதில் "சுங்குடிப் புழு" எனக்கு ரொம்பப் பிடித்தது. தைசனோஸூன் நைக்ரோபாப்பில்லோசம் என்ற புழுவுக்கு அவர் வைத்த பெயர். கறுப்புத் துணியில் மஞ்சள் புள்ளி போட்ட மதுரைச் சுங்குடி மாதிரியேதான் இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் அவை புள்ளிகள் இல்லை, முதுகெல்லாம் எழுந்து நிற்கும் கறுப்புக் காம்புகள், நுனி மட்டும் மஞ்சள். சுங்குடியிலும் முடிச்சுப் போட்ட இடம் துணியில் லேசாக எழுந்து நிற்குமே, அந்த எழுச்சி வரைக்கும் பொருந்துகிறது.

தைசனோஸூன் என்ற கிரேக்கப் பெயருக்கே குஞ்சம் வைத்த விலங்கு என்றுதான் பொருள். அந்தப் பேரினத்தின் மத்தியதரைக்கடல் இனம் ப்ரோக்கியை 1818இல் ரிஸ்ஸோ நீஸ் கடலிலிருந்து விவரித்தபோது அதை நத்தை என்று நினைத்து, கடல் நத்தைகளின் டெர்ஜிப்பெஸ் பேரினத்தில் வைத்தார். முதுகில் காம்பு காம்பாக இருந்தால் அந்தக் காலத்தில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். க்ரூபெ 1840இல் தைசனோஸூனை உண்டாக்கினார்.

20 பிப்ரவரி

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, ஓடில்லாத நத்தைக்கும் தட்டைப்புழுவுக்கும் கடலில் எப்படி வித்தியாசம் காண்பது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

கனத்தைப் பாருங்கள். நுடிபிராங்க் நத்தைக்குச் சதைப்பிடிப்பு இருக்கும், புழு தாள் மாதிரி. நத்தையின் தலையில் இரண்டு கொம்புகள் தனி உறுப்பாக நிற்கும், தொட்டால் பலவற்றில் உள்ளே இழுத்துக்கொள்ளும். புழுவுக்கு அது முன் ஓரத்தின் மடிப்புதான். வெற்றிலை நுனியை இரண்டு இடத்தில் மடித்துத் தூக்கிவிட்டதுபோல. பொய்க்கொம்பு. சூடோசெரோஸ் என்ற பெயரும் அதைத்தான் சொல்கிறது. பல நத்தைகளுக்கு முதுகின் பின்பக்கம் பூப்போலச் செவுள் இருக்கும், புழுவுக்குச் செவுளே கிடையாது.

ஆனாலும் ஏமாறலாம். சூடோசெரோஸ் இமிடேட்டஸ் என்று ஒன்று, 1994இல் விவரித்தது. ஃபில்லிடியெல்லா பஸ்டுலோசா என்ற நத்தையை அப்படியே உரித்து வைத்திருக்கும், முதுகுக் கொப்புளங்கள் உட்பட. அந்த நத்தை நச்சுச் சுரப்பது, மீன்கள் தொடாது. பெயரிலேயே போலி என்பதைச் சேர்த்துவிட்டார்கள். நிறம் பொருந்தினால் போதும் என்பவர்களுக்கு நான் காட்டும் முதல் படம் இதுதான்.

26 பிப்ரவரி

வகைப்பாட்டில் மேல்தட்டுக் கேள்வி வந்திருக்கிறது, சுருக்கமாகவே சொல்கிறேன். லாங் நேப்பிள்ஸ் வளைகுடாப் புழுக்களை வைத்து 1884இல் பாலிக்ளாடுகளை இரண்டாகப் பிரித்தார்: பெண் துளைக்குப் பின்னால் உறிஞ்சி இருந்தால் காட்டிலியா, இல்லாவிட்டால் ஏகாட்டிலியா. பெரும்பாலும் இன்றும் நிற்கிறது. அதற்குக் கீழே குடும்பங்களில்தான் தகராறு. ஃபௌபெல் 1983, 84இல் ஆண் உறுப்பின் சுரப்புப் பையை வைத்து ஒரு முறை கட்டினார், ப்ரூடோ 1985இல் வேறு முறை. எங்கள் ஆய்வக மேசையில் இரண்டின் நகலும் பக்கம் பக்கமாக இருக்கும். ஒரே சில்லை வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தில் ஒரு குடும்பம், இந்தப் புத்தகத்தில் ஒரு குடும்பம் என்று எழுதியிருக்கிறோம். நாடாபோல நீளமான செஸ்டோப்ளானா உறிஞ்சி இல்லாத ஏகாட்டிலியா.

27 பிப்ரவரி

செஸ்டோப்ளானா பற்றி எழுதியது பழைய கணக்கு என்று ஒருவர் சுட்டியிருக்கிறார். சரிதான், நன்றி. 2017இல் 28எஸ் மரபணுவோடு உடலமைப்பையும் சேர்த்துப் பார்த்தபோது அது காட்டிலியா பக்கம் போய்விட்டது. நான் படித்த காலத்துப் பாடம் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே படிக்கிற மாணவர்கள் புதியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பவள மீன்தொட்டி வைத்திருப்பவர் கேட்ட செம்பழுப்புப் "பிளானேரியா" பற்றி: அவை பெரும்பாலும் ஏசீல்கள் என்ற, குடல் குழி இல்லாத சிறு புழுக்கள், உதாரணத்துக்குக் கன்வொலூட்ரிலோபா. பார்க்கத் தட்டைப்புழு, தட்டைப்புழுத் தொகுதியில் இப்போது இல்லை. 1999இல் மரபணு ஒப்பீட்டில் ஏசீல்கள் வெளியே போயின. நம் பாடப்புத்தகத்தில் படித்த டர்பெல்லேரியா என்ற வகுப்பும் உண்மையில் ஒரே கிளை இல்லை. நாடாப்புழு, கல்லீரல் புழு போன்ற ஒட்டுண்ணிகள் எல்லாம் அந்தக் கிளைக்கு உள்ளிருந்து முளைத்தவை. தேர்வுக்கு மூன்று வகுப்பு என்று எழுதுங்கள், மனதில் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

11 மார்ச்

தம்பி மறுபடி போய், அதே இடத்தில் அதே மாதிரிப் புழு கிடைத்து, கிண்ணத்தின் அடியிலிருந்து படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். பெரிதாக்கிப் பார்த்தேன், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெளுத்த புள்ளி. பின்னால் ஒன்று. அதற்குப் பின்னால் உறிஞ்சி, ஓரம் லேசாக மங்கல், ஆனால் இருக்கிறது.

சூடோபைசெரோஸ். இதில் எனக்குச் சந்தேகமில்லை.

சிற்றினத்துக்கு ஹான்காக்கானஸ் என்று இன்னும் எழுத மாட்டேன். அதே மாதிரி கறுப்பும் ஆரஞ்சு ஓரமுமாக இன்னொன்று இருக்கிறது, யூனியார்போரென்சிஸ். லத்தீனில் ஒற்றை மரம், கிரேட் பேரியர் ரீஃபின் ஒன் ட்ரீ தீவின் பெயரிலிருந்து வந்தது. ஓரத்து வெளிப்பட்டை வெள்ளையா சாம்பலா என்று செல்போன் படத்தில் வெயிலுக்கு நடுவே தீர்ப்புச் சொல்லத் துணிவில்லை. ஆல்பத்தில் "சூடோபைசெரோஸ் சி.எஃப். ஹான்காக்கானஸ்" என்று எழுதுங்கள். அந்த சி.எஃப். "ஒப்பிட்டுப் பார்க்க" என்பதன் சுருக்கம். பின்னால் வருகிறவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அது அவருக்குச் சொல்லும்.

12 மார்ச்

என் பழைய ஆல்பத்தை இன்று எடுத்தேன். கறுப்பு உடம்பு, ஆரஞ்சு ஓரம் என்று ஏழு படங்கள், ஏழிலும் அடியில் ஹான்காக்கானஸ் என்று மையால் எழுதியிருக்கிறேன். ஒன்றில்கூட வயிற்றுப் பக்கப் படம் இல்லை. ஆறில் "சூடோசெரோட்டிடே" என்று மாற்றி எழுதிவிட்டேன். ஏழாவதில் ஓரம் மூன்று பட்டை, இத்தனை வருடம் கவனிக்கவில்லை. நாளை பகல் வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.